எந்த லினக்ஸ் போடலாம்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகளும் என் பதில்களும்

பல வருடங்களாக நண்பர்கள், உறவினர்கள், கூட வேலை பார்ப்பவர்கள் என்று யார் கணினியிலாவது விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் என்ற இயங்குதளத்தைப் போட்டுக்கொடுத்துக்கொண்டே இருக்கிறேன். கேட்கப்படும் கேள்விகள் பெரும்பாலும் அதே கேள்விகள்தான். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி வாய் வலித்ததால் ஒரே இடத்தில் எழுதிவைத்துவிட்டேன். பாதி தகவல், பாதி என் அபிப்பிராயம். எது எந்தப் பாதி என்பது படிக்கும்போதே தெரிந்துவிடும்.

எந்த டிஸ்ட்ரோ (லினக்ஸின் வகை) போடலாம்? சுற்றி வளைக்காமல் ஒரு பெயர் சொல்லுங்கள்.

லினக்ஸ் மின்ட். அதிலும் சின்னமன் என்ற மேசைத்தளம் (திரையில் தெரியும் மெனு, பட்டை, ஜன்னல்கள்) உள்ள பதிப்பு.

அதில் ஆச்சரியப்பட எதுவும் இல்லை என்பதுதான் காரணம். கீழே பட்டை, இடது மூலையில் மெனு, வலது மூலையில் கடிகாரம். விண்டோஸிலிருந்து வருபவர் முதல் நாளே ஒரு கோப்பைத் தேடி எடுத்து, அச்சடித்து, மூடிவிட்டுப் போகலாம். உபுண்டுவின் நீண்டகால ஆதரவுப் பதிப்பின் மேல் கட்டப்படுவதால் ஒவ்வொரு பெரிய பதிப்புக்கும் சுமார் ஐந்து வருடம் பாதுகாப்புத் திருத்தங்கள் வரும். உபுண்டுவுக்காக எழுதப்பட்ட தீர்வுகளில் பெரும்பாலானவை இதற்கும் பொருந்தும். இந்தக் கடைசிக் காரணத்தைப் பலர் கணக்கிலேயே எடுப்பதில்லை. நள்ளிரவில் பிரிண்டர் மக்கர் பண்ணும்போது, அதே சிக்கலில் முன்பே மாட்டிக்கொண்ட யாரோ ஒருவர் எழுதிவைத்த நாலு வரிதான் கைகொடுக்கும்.

மின்ட் பிடிக்கவில்லையா? உபுண்டு, ஃபெடோரா, டெபியன் மூன்றில் எதை எடுத்தாலும் தப்பில்லை. கணினி புத்தம் புதியது என்றால் ஃபெடோரா பக்கம் பாருங்கள், புது வன்பொருளுக்கான டிரைவர்கள் அதில் சீக்கிரம் வரும். ஆனால் அதன் ஒவ்வொரு வெளியீட்டுக்கும் ஏறக்குறைய பதின்மூன்று மாதம்தான் ஆயுள். வருடத்துக்கு ஒரு முறையாவது உட்கார்ந்து மேம்படுத்தியாக வேண்டும்.

எல்லாம் லினக்ஸ்தானே, அப்புறம் எதற்கு இத்தனை?

லினஸ் டோர்வால்ட்ஸ் 1991இல் வெளியிட்டது கெர்னல் மட்டும். வன்பொருளோடு பேசும் அடிப்படைப் பகுதி அது. அதை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு கடிதம்கூட அடிக்க முடியாது. கட்டளைகளை வாங்கும் ஷெல், நிரலை மொழிபெயர்க்கும் கம்பைலர் போன்றவை ரிச்சர்ட் ஸ்டால்மன் 1983இல் அறிவித்த குனு திட்டத்திலிருந்து வந்தவை. மேசைத்தளம், உலாவி, எழுத்துருக்கள் என்று மற்றதெல்லாம் வேறு வேறு கைகளிலிருந்து வருகின்றன. இவற்றைத் தேடிப் பொறுக்கி, ஒன்றோடொன்று ஒத்துப்போகிறதா என்று சோதித்து, நிறுவுவதற்கு வசதியாகக் கட்டித் தருவதுதான் டிஸ்ட்ரோவின் வேலை. ஸ்லாக்வேர் 1993 ஜூலையில் வந்தது, டெபியன் அடுத்த மாதமே அறிவிக்கப்பட்டது. இரண்டும் இன்றுவரை உயிரோடு இருக்கின்றன.

பட்டியலில் நூற்றுக்கணக்கான பெயர்களைப் பார்த்து மலைக்க வேண்டாம். குடும்பங்கள் என்று பார்த்தால் கைவிரலில் எண்ணிவிடலாம். டெபியனிலிருந்து 2004இல் உபுண்டு, உபுண்டுவிலிருந்து 2006இல் மின்ட். ரெட் ஹேட் பக்கம் ஃபெடோரா, ராக்கி, அல்மா. ஆர்ச் ஒரு தனிக் குடும்பம், மஞ்சாரோ அதன் வழி வந்தது. சூசே இன்னொன்று. மீதியில் பெரும்பகுதி வால்பேப்பரும் ஐகானும் மாறியவைதான். இதைச் சொன்னால் சிலர் சண்டைக்கு வருவார்கள், வரட்டும்.

புதிதாக ஒரு டிஸ்ட்ரோவைப் பார்த்தால் நான் கேட்கும் முதல் கேள்வி, இதைப் பராமரிப்பவர்கள் எத்தனை பேர் என்பது. ஒரே ஒருவர் ஓய்வு நேரத்தில் செய்கிறார் என்றால் ரசிக்கலாம், பாராட்டலாம், வேலை பார்க்கும் கணினியில் போடக் கூடாது. அவருக்குக் குழந்தை பிறந்தால் உங்கள் பாதுகாப்புத் திருத்தம் தள்ளிப்போகும்.

ஸ்டேபிள் நல்லதா, ரோலிங் நல்லதா?

ஸ்டேபிள் என்ற சொல்லைப் பெரும்பாலோர் "கெட்டுப்போகாதது" என்று புரிந்துகொள்கிறார்கள். டெபியன்காரர்கள் அதை "மாறாதது" என்ற பொருளில் சொல்கிறார்கள். வெளியான அன்று ஒரு மென்பொருள் எந்தப் பதிப்பில் இருந்ததோ, ஏறக்குறைய அதே பதிப்பில்தான் அடுத்த வெளியீடு வரை இருக்கும். பாதுகாப்புத் திருத்தம் வரும், புது வசதி வராது. அதில் ஒரு பிழை இருந்தால் அந்தப் பிழையும் உங்களோடு இரண்டு வருடம் குடித்தனம் நடத்தும். ரோலிங்கில் எல்லாம் வந்த வேகத்தில் வந்து சேரும், நல்லதும் கெட்டதும்.

நான் மூன்று வருடம் ரோலிங் வைத்திருந்தவன். சொன்னால் நம்ப மாட்டீர்கள், பெரும்பாலான நாட்களில் ஒரு குறையும் இல்லை. ஒரு நாள் இரவு தூக்கக் கலக்கத்தில் புதுப்பிப்பை ஓடவிட்டு மூடிவிட்டேன். காலையில் பத்து நிமிடத்தில் ஒரு முக்கியமான கூட்டம். திறந்தால் கறுப்புத் திரை, இடது மேல் மூலையில் ஒரு கோடு மட்டும் மின்னிக்கொண்டிருந்தது. புது கெர்னல் வந்துவிட்டது, அதற்கு ஒத்துப்போகும் கிராஃபிக்ஸ் டிரைவர் வரவில்லை. பென் டிரைவிலிருந்து பூட் செய்து, உள்ளே நுழைந்து, பழைய கெர்னலைத் திரும்பப் போட்டு முடிப்பதற்குள் நாற்பது நிமிடம். கூட்டத்தைக் கைபேசியில் பாதி காதால் கேட்டேன். அறிவிப்புப் பக்கத்தில் இரண்டு நாள் முன்பே எச்சரித்திருந்தார்கள், படிக்காதது என் தப்பு. படிக்கிற பழக்கம் உள்ளவர்களுக்கு ரோலிங் நன்றாகவே ஒத்துவரும். எனக்கு அந்தப் பழக்கம் இல்லை என்பதை நாற்பது நிமிடத்தில் தெரிந்துகொண்டேன்.

அடித்தளத்தை மாறாததாக வைத்துக்கொண்டு, உலாவி, வீடியோ எடிட்டர் போன்ற நாலைந்தை மட்டும் ஃபிளாட்பேக்கில் (எந்த டிஸ்ட்ரோவிலும் ஓடும் தனிப் பொதி வடிவம்) புதிதாக எடுத்துக்கொள்வது இப்போது என் வழி.

ஆர்ச் போட்டால்தான் லினக்ஸ் தெரியும் என்கிறார்களே?

பார்ட்டிஷன் (வட்டைப் பகுதி பிரிப்பது), பூட்லோடர் (இயங்குதளத்தை எழுப்பும் நிரல்), நெட்வொர்க் எல்லாவற்றையும் கையால் அமைக்கும்போது நிறையக் கற்றுக்கொள்ளலாம், உண்மைதான். ஒரு முறை செய்து பாருங்கள். அன்றாட வேலைக்கு அது தகுதிச் சான்றிதழ் ஒன்றும் கிடையாது. ஆனால் ஆர்ச் விக்கி மட்டும் எந்த டிஸ்ட்ரோ வைத்திருப்பவருக்கும் உதவும். நான் டெபியனில் இருந்துகொண்டு வாரம் ஒரு முறையாவது அதைத் திறக்கிறேன்.

என் பழைய மடிக்கணினி லினக்ஸ் போட்டால் பறக்குமா?

பறக்காது. நடந்துகொண்டிருந்தது கொஞ்சம் வேகமாக நடக்கும். எக்ஸ்எஃப்சிஇ போன்ற எளிய மேசைத்தளம் ஒரு ஜிபிக்கும் குறைவான நினைவகத்திலேயே எழுந்து நிற்கும். அதன் பிறகு நீங்கள் உலாவியைத் திறந்து பதினைந்து டேப் போடுவீர்கள், அங்கே போய்விடும் அந்த மிச்சமெல்லாம். இணையப் பக்கங்களின் கனத்தை எந்த டிஸ்ட்ரோவாலும் குறைக்க முடியாது. சுழலும் வட்டு இருக்கிறது என்றால் அதைக் கழற்றிவிட்டு ஒரு எஸ்எஸ்டி போடுங்கள். டிஸ்ட்ரோ மாற்றுவதைவிடப் பத்து மடங்கு வித்தியாசம் தெரியும்.

நிஜமான லாபம் வேறு இடத்தில் இருக்கிறது. விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்தது. விண்டோஸ் 11க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு வசதி வேண்டும், இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தைய செயலி வேண்டும். நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் எத்தனையோ கணினிகள் இந்தக் கோட்டுக்கு வெளியே நிற்கின்றன. அவற்றுக்குப் பாதுகாப்புத் திருத்தங்களோடு இன்னும் சில வருட வாழ்க்கை கொடுக்க லினக்ஸ் நல்ல வழி. 32 பிட் செயலி என்றால் மட்டும் கதவுகள் மூடிக்கொண்டே வருகின்றன, 2025இல் வந்த டெபியன் 13கூட அதற்கு நிறுவியைத் தரவில்லை.

நிறுவுவதற்கு முன் என்ன பார்க்க வேண்டும்?

பென் டிரைவில் எழுதி, நிறுவாமலேயே ஓட்டிப் பாருங்கள். வைஃபை பிடிக்கிறதா, ஒலி வருகிறதா, திரை வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் விசை வேலை செய்கிறதா என்று பாருங்கள். அப்புறம் மூடியைச் சாத்திவிட்டு ஐந்து நிமிடம் கழித்துத் திறங்கள். தூங்கப்போன கணினி திரும்ப எழுந்தால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று. ஆயிரம் பேர் எழுதிய விமர்சனத்தைவிட இந்த ஒரு சோதனை உங்கள் கணினியைப் பற்றி அதிகம் சொல்லும்.

பென் டிரைவில் எழுதும்போது எந்த வட்டைத் தேர்ந்தெடுக்கிறீர்கள் என்பதைக் கொள்ளளவை வைத்து இரண்டு முறை பாருங்கள். நான் ஒரு முறை அவசரத்தில் ஒரே ஒரு எழுத்தை மாற்றி அடித்து, புகைப்படங்கள் இருந்த வெளிவட்டின் தலையிலேயே எழுதிவிட்டேன். பாதிப் படங்கள் கிடைத்தன.

விண்டோஸையும் வைத்துக்கொண்டு பக்கத்தில் லினக்ஸ் போடலாமா?

போடலாம். மூன்று இடத்தில் இடறும், முன்பே சொல்லிவிடுகிறேன்.

முதலாவது பிட்லாக்கர், வட்டைப் பூட்டிவைக்கும் விண்டோஸின் குறியாக்க வசதி. உங்களுக்குத் தெரியாமலேயே அது இயங்கிக்கொண்டிருக்கலாம். பயாஸில் (கணினியின் அடிப்படை அமைப்புத் திரை) செக்யூர் பூட்டை (கையொப்பமிட்ட நிரலை மட்டும் தொடங்க விடும் வசதி) மாற்றியதும் விண்டோஸ் திறக்க மறுத்து 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்கும். கை வைப்பதற்கு முன்பே அதை எழுதி எடுத்துவைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, விண்டோஸின் வேகத் தொடக்க வசதி. அது இருக்கும்வரை ஷட் டவுன் கொடுத்தாலும் விண்டோஸ் முழுதாக மூடாது, அரைத் தூக்கத்தில்தான் போகும். லினக்ஸுக்கு வந்து அந்தப் பகுதியைத் திறந்தால் கோப்புகளைப் படிக்கலாம், எழுத விடாது, சில சமயம் திறக்கவே திறக்காது. வட்டு பழுது என்று பயந்துபோய் அழைத்தவர்கள் உண்டு. அந்த வசதியை அணைத்தால் சரியாகிவிடும்.

மூன்றாவது கடிகாரம். லினக்ஸில் இருந்துவிட்டு விண்டோஸுக்குப் போனால் மணி சில மணி நேரம் முன்னே பின்னே காட்டும். மதர்போர்டில் உள்ள கடிகாரத்தை லினக்ஸ் உலகப் பொது நேரத்தில் வைக்கும், விண்டோஸ் அதையே உள்ளூர் நேரம் என்று எடுத்துக்கொள்ளும். இருவரும் மாறி மாறித் திருத்திக்கொண்டே இருப்பார்கள். லினக்ஸை உள்ளூர் நேரத்துக்கு மாற்ற ஒரே வரிக் கட்டளை போதும்.

டெர்மினல் (கட்டளைகளை அடிக்கும் ஜன்னல்) கட்டாயமா?

மின்ட், உபுண்டுவில் மாதக்கணக்கில் திறக்காமலே இருக்கலாம். உதவி கேட்கும்போது எல்லோரும் கட்டளையாகக் கொடுப்பதற்கு ஒரு காரணம் உண்டு: "அந்த மெனுவுக்குப் போ, மூன்றாவது டேப், கீழே உள்ள பொத்தான்" என்று சொல்வதைவிட ஒரு வரியை ஒட்டச் சொல்வது சுலபம். ஆனால் புரியாத வரியை, அதுவும் சூடோ என்று தொடங்கும் வரியை, அப்படியே ஒட்டாதீர்கள். அந்தச் சொல் முழுக் கணினியின் சாவியையும் கையில் கொடுக்கிறது.

எம்எஸ் ஆபீஸ், ஃபோட்டோஷாப்?

ஃபோட்டோஷாப் லினக்ஸுக்கு இல்லை. அதில்தான் உங்கள் பிழைப்பு ஓடுகிறது என்றால் விண்டோஸிலேயே இருங்கள், இதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. எப்போதாவது படம் வெட்டி ஒட்டுபவருக்கு ஜிம்ப் போதும். 2025 மார்ச்சில் வந்த 3.0 பதிப்பிலிருந்து ஃபில்டர்களைப் போட்ட பிறகும் திருத்த முடிகிறது. வரைபவர்களுக்குக் கிருதா, முப்பரிமாண வேலைக்கு பிளெண்டர்; இவை இரண்டும் மாற்று என்ற நிலையைத் தாண்டி எப்போதோ முன்னே போய்விட்டன.

ஆபீஸுக்கு லிப்ரே ஆபீஸ். வேர்டு கோப்பைத் திறந்ததும் பக்கங்கள் கலைந்து கிடக்கிறது என்ற புகாரில் பல சமயம் குற்றவாளி எழுத்துரு. கோப்பு கலிப்ரியில் அடித்திருக்கும், உங்கள் கணினியில் கலிப்ரி இருக்காது. அதே அகல அளவில் செய்யப்பட்ட கார்லிட்டோ, கேம்ப்ரியாவுக்குப் பதில் கலடியா, இரண்டையும் நிறுவிவிட்டுத் திரும்பத் திறந்து பாருங்கள். வரிகள் அதனதன் இடத்தில் போய் உட்காரும். மேக்ரோ நிறைந்த எக்செல் கோப்புகளுக்கு மட்டும் என்னிடம் நல்ல பதில் இல்லை.

தமிழில் தட்டச்சு செய்ய முடியுமா?

தாராளமாக. ஐபஸ் அல்லது எஃப்சிஐடிஎக்ஸ் என்ற உள்ளீட்டு மென்பொருள், கூடவே விசைப்பலகை அமைப்புகள் அடங்கிய எம்17என் தொகுப்பு, இவற்றை நிறுவினால் தமிழ்99, ஒலிபெயர்ப்பு, இன்ஸ்கிரிப்ட் எல்லாம் கிடைக்கும். நோட்டோ, லோஹித் எழுத்துருக்கள் பல டிஸ்ட்ரோக்களில் கூடவே வருகின்றன. இந்தப் பக்கம் முழுவதையும் லினக்ஸில் தமிழ்99இல்தான் அடித்தேன்.

இரண்டு தொல்லைகள். கோப்புக்குத் தமிழில் பெயர் வைக்கலாம், ஆனால் டெர்மினலில் பார்த்தால் பல சமயம் உடைந்து தெரியும். அது ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரே அகலக் கட்டம் ஒதுக்கும் இடம். "கொ" என்பதன் ஒற்றைக்கொம்பு ஒரு பக்கம், கால் இன்னொரு பக்கம் என்று பிரிந்து நிற்கும். கோப்புக்கு ஒன்றும் ஆகவில்லை, காட்டுவதில்தான் கோளாறு. இன்னொன்று பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் அடித்த கோப்புகள். அவற்றுக்குள் இருப்பது ஆங்கில எழுத்து, மேலே தமிழ் வேடம். எழுத்துரு இல்லாவிட்டால் வேடம் கலைந்துவிடும். இதற்கும் லினக்ஸுக்கும் சம்பந்தமில்லை, எங்கே திறந்தாலும் இதே கதி. யூனிகோடுக்கு மாற்றிவைத்துவிடுங்கள்.

கேம்ஸ்?

ஸ்டீம் விளையாட்டுக் கடையை நடத்தும் வால்வ், விண்டோஸ் விளையாட்டுகளை லினக்ஸில் ஓட்டும் புரோட்டானை 2018இல் வெளியிட்டதிலிருந்து நிலைமை தலைகீழ். ஸ்டீமில் உள்ள விண்டோஸ் விளையாட்டுகளில் பெரும்பகுதி ஓடுகிறது. வாலரன்ட், ஃபோர்ட்நைட் போல ஏமாற்றுத் தடுப்பு மென்பொருள் கேட்கும் சில ஓடாது.

சிஸ்டம்டி, வேலாண்ட், ஸ்னாப் என்று ஏன் சண்டை போட்டுக்கொண்டே இருக்கிறார்கள்?

பொழுது போக வேண்டாமா?

சரி, பாதி விளையாட்டுக்குச் சொன்னேன். சிஸ்டம்டி (கணினி தொடங்கும்போது சேவைகளை எழுப்பும் நிரல்) சண்டை எனக்கு முடிந்துபோன கதை. திரையில் காட்டும் வேலைக்கு வேலாண்டுக்கு மாறிவிடுங்கள், அதே வேலையைச் செய்யும் எக்ஸ்11 1987இல் வந்தது, அதற்கு ஓய்வு கொடுக்கலாம். உபுண்டுவின் மென்பொருள் பொதி வடிவமான ஸ்னாப் விஷயத்தில் மட்டும் எனக்கும் வருத்தம் உண்டு. நிரலை விநியோகிக்கும் கடை ஒரே நிறுவனத்தின் கையில் இருக்கிறது, அதன் சர்வர் பக்க நிரல் திறந்ததாக இல்லை. மின்ட் 2020இல் ஸ்னாப்பை இயல்பாக வராதபடி தடுத்துவைத்தது இதனால்தான்.

லினக்ஸில் வைரஸ் வராதாமே?

வரும். குறைவாக வரும். மென்பொருளைக் கண்ட இடத்திலிருந்து இறக்காமல் டிஸ்ட்ரோவின் களஞ்சியத்திலிருந்தே எடுப்பதுதான் பெரிய பாதுகாப்பு. அந்தப் பழக்கத்தை விட்டால் பாதுகாப்பும் போயிற்று. 2016 பிப்ரவரியில் மின்டின் தளத்துக்குள்ளேயே புகுந்து, பின்கதவு (ரகசிய நுழைவழி) வைத்த நிறுவல் படிமத்துக்கு இணைப்பை மாற்றிவிட்டார்கள். இறக்கிய படிமத்தின் செக்சம் (கோப்பு மாறவில்லை என்று காட்டும் எண்) சரிபார்க்கச் சொன்னால் அலுத்துக்கொள்பவர்களுக்கு நான் சொல்லும் கதை இது.

அதைவிடப் பெரிய கதை எக்ஸ்இசட். கோப்புகளைச் சுருக்கும் ஒரு சின்ன நூலகம், கிட்டத்தட்ட எல்லா டிஸ்ட்ரோவிலும் இருப்பது. பராமரித்தவர் சம்பளம் இல்லாமல் தனியாக, சோர்ந்துபோன நிலையில் பார்த்துக்கொண்டிருந்தார். ஜியா டான் என்ற பெயரில் ஒருவர் இரண்டு வருடத்துக்கும் மேலாக நல்ல பிள்ளையாக உதவி செய்து, நம்பிக்கை பெற்று, கடைசியில் 5.6.0 பதிப்பில் பின்கதவை நுழைத்தார். அதைக் கண்டுபிடித்தது எந்த ஆன்டிவைரஸும் இல்லை. ஆண்ட்ரஸ் ஃப்ராய்ண்ட் என்ற போஸ்ட்கிரஸ் தரவுத்தள நிரலாளர், எஸ்எஸ்எச் வழியாகத் தொலைக் கணினிக்குள் நுழைவது வழக்கத்தைவிட அரை விநாடி தாமதமாகிறதே என்று எரிச்சல்பட்டுத் தோண்டினார். 2024 மார்ச் 29இல் உலகத்துக்குச் சொன்னார். அவர் வேலை பார்த்தது மைக்ரோசாஃப்டில்! சோதனைப் பதிப்புகளிலும் ரோலிங் டிஸ்ட்ரோக்கள் சிலவற்றிலும் அது நுழைந்துவிட்டது, டெபியன் ஸ்டேபிளுக்கு வரவே இல்லை. மூலநிரல் திறந்திருந்ததால் அவரால் தோண்ட முடிந்தது. திறந்திருந்தும் அத்தனை நாள் யாரும் பார்க்கவில்லை என்பதும் அதே கதைதான்.

திறமூலம் என்றால் இலவசம்தானே?

பெரும்பாலும் காசு கேட்க மாட்டார்கள், ஆனால் பொருள் அது இல்லை. நிரலைப் படிக்க, மாற்ற, மாற்றியதைப் பிறருக்குக் கொடுக்க உரிமை இருக்க வேண்டும். ஸ்டால்மன் வழியினர் கட்டற்ற மென்பொருள் என்பார்கள், அவர்களுக்கு இது உரிமைப் பிரச்சினை. திறமூலம் என்ற பெயர் 1998இல் வந்தது, நிறுவனங்களைப் பயமுறுத்தாத பெயராக வேண்டும் என்பதற்காகவும்தான்.

உரிமம் என்ன என்று பார்ப்பது வக்கீல்களின் வேலை என்று நானும் நினைத்திருந்தேன். 2023இல் டெராஃபார்ம் (சர்வர்களை அமைக்கும் கருவி) உரிமத்தை மாற்றியது, அதன் பழைய நிரலிலிருந்து ஓப்பன்டோஃபு பிரிந்து வந்தது. 2024இல் ரெடிஸ் (ஒரு தரவுத்தளம்) மாற்றியது, வால்கீ பிரிந்தது. அடுத்த வருடமே ரெடிஸ் திறமூல உரிமத்தையும் திரும்பச் சேர்த்துக்கொண்டது. பிரிந்து போக முடிந்ததே பழைய திறமூல உரிமத்தால்தான். மூடிய மென்பொருளில் விலையை ஏற்றினால் கட்ட வேண்டும், இல்லை வெளியேற வேண்டும்.

நிறுவனம் கையில் வைத்திருக்கும் இலவசத்தை எவ்வளவு நம்பலாம் என்பதற்கு, ரெட் ஹேட் கையில் இருந்த சென்ட்ஓஎஸ் என்ற இலவச டிஸ்ட்ரோ இருக்கிறது. 2029 வரை ஆதரவு என்று நம்பி சர்வர்களில் சென்ட்ஓஎஸ் 8 போட்டவர்களிடம், 2020 டிசம்பரில் வந்து, அடுத்த வருடக் கடைசியோடு முடிகிறது என்றார்கள். ராக்கியும் அல்மாவும் பிறந்தது அந்தக் கோபத்தில்தான்.

வயதான அம்மா அப்பாவுக்குப் போட்டுக்கொடுக்கலாமா?

அவர்களுக்குத்தான் முதலில் போட வேண்டும். உலாவி, வீடியோ அழைப்பு, புகைப்படம், எப்போதாவது ஒரு கடிதம். இதற்கு மேல் தேவை இல்லை. அம்மாவின் கணினியில் மின்ட் போட்டு, பட்டையில் நான்கு ஐகான் மட்டும் வைத்து, எழுத்தைப் பெரிதாக்கி, பழைய நிலைக்குத் திரும்ப உதவும் டைம்ஷிஃப்டையும் முடுக்கிவிட்டேன். முதல் மாதம் ஒரே ஒரு அழைப்பு: "கேடயத்து மேல புள்ளி வந்திருக்குப்பா, தொடலாமா?" புதுப்பிப்பு வந்திருக்கிறது, தொடலாம் என்றேன். இப்போது அவரே தொட்டுக்கொள்கிறார்.

ஒன்று மட்டும் கவனம். டைம்ஷிஃப்ட் காப்பது இயங்குதளத்தை, உங்கள் கோப்புகளை இயல்பாகத் தொடாது. பேரக்குழந்தைகளின் படங்களுக்குத் தனியாக ஒரு வெளிவட்டு வேண்டும்.

நீங்கள் எதில் இருக்கிறீர்கள்?

வேலைக் கணினியில் டெபியன் 13, எக்ஸ்எஃப்சிஇ. ஓரமாகக் கிடந்த மடிக்கணினி ஒன்றைச் சோதனைக்கு வைத்திருக்கிறேன், இந்த வாரம் அதில் ஓப்பன்சூசே டம்பிள்வீட் ஓடுகிறது. அதில் முக்கியமான கோப்பு ஒன்றுகூடக் கிடையாது.